நீல வளையம் போட்ட பன்னிரண்டு கோழிகள்

1

இது ஒரு விழா மலருக்காக நான் எழுதிய கட்டுரையில் விடுபட்ட பகுதி. விட்டவள் நான்தான்.

எங்கள் ஆய்வு நிலையம் செங்கல்பட்டுக்கு வெளியே இருக்கிறது. பெயர் வேண்டாம். கோழிகளுக்கு வரும் வைரஸ் நோய்களை ஆராய்ந்து தடுப்பு மருந்துக்கு வழி செய்வது எங்கள் பிரிவின் வேலை. நான் அங்கே பதினெட்டு வருடங்களாக இருக்கும் கால்நடை மருத்துவர். பெயர் தேவிப்பிரியா. கோழிகளை வாரிக்கொண்டு போகும் வெள்ளைக்கழிச்சல் நோய்க்கு நாங்கள் உருவாக்கிய புது மருந்து இந்த வருடம் வெளிவந்தது. விழா வைத்தார்கள். மலர் போட்டார்கள்.

“மருந்து பொறந்த கதைய நீங்க எழுதுங்க தேவிப்பிரியா. வெறும் புள்ளிவிவரமா வேணாம், மனுஷங்க வரட்டும்” என்றார் பிரிவின் தலைவர் சிவப்பிரகாசம்.

எழுதினேன். ஆறு பக்கங்கள். மனிதர்கள் வந்தார்கள். எல்லோரும் நல்லவர்களாக வந்தார்கள். அதில் ஒரு வரி இது: “திருவிடந்தையை அடுத்த ஒரு மீனவர் குப்பத்தில் இறந்த நாட்டுக்கோழிகளிடமிருந்து இந்த வைரஸ் கிடைத்தது.”

கிடைத்தது. கரையில் ஒதுங்கிய சங்கு கிடைப்பதைப் போல.

அந்தச் சொல்லை வழவழப்பான தாளில் அச்சாகப் பார்த்தபோது என்னால் மலரை மூடவும் முடியவில்லை, மேலே படிக்கவும் முடியவில்லை. அந்த வைரஸ் அங்கே கிடைக்கவில்லை. அதை அங்கே கொண்டுபோனவள் நான்.

கதையின் முடிச்சை முதல் பக்கத்திலேயே அவிழ்த்துவிட்டேன் என்பது எனக்குத் தெரியும். கடைசிவரை கையில் வைத்திருந்தால் வழியில் எங்காவது நைசாகக் கீழே போட்டுவிடுவேன். என்னை எனக்குத் தெரியும்.

2

எழுதி நிறுத்திய தொடக்கங்கள்:

“தை மாதக் காலை. வேடந்தாங்கல் ஏரி மரங்களில் நத்தைகுத்தி நாரைகள் வெள்ளை வெள்ளையாக—”

(நிறுத்திவிட்டேன். அழகாக வந்துகொண்டிருந்தது, அதனாலேயே. அந்தப் பறவைகளுக்கும் இந்தக் கதைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அவற்றை ஏற்கெனவே ஒரு தரம் சாக்குக்குப் பயன்படுத்தியிருக்கிறேன். அது பின்னால் வரும்.)

“சின்னப்பொண்ணு ஓர் அப்பாவி. கடலோரத்தில் நாலு கோழி வளர்த்து—”

(இதையும் நிறுத்திவிட்டேன். சின்னப்பொண்ணு படித்தால் சிரிப்பார். அவர் அப்பாவி இல்லை. அவரிடம் இருந்தவை நாலு கோழிகளும் இல்லை, நாற்பத்து மூன்று.)

அப்பாவியாக எழுதினால் வாசகருக்கு இரக்கம் சுலபமாக வரும். ஆனால் அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது என்ன என்பது தெரியாமல் போகும். ஆகவே உள்ளபடி சொல்கிறேன்.

அப்போது அவருக்கு நாற்பத்தெட்டு வயது. கணவர் ஃபைபர் படகில் கடலுக்குப் போகிறவர். சின்னப்பொண்ணு மீன் விற்பார், கோழி வளர்ப்பார். மீன் குடலும் கருவாட்டுத் தலையும் தின்ற கோழிகளின் முட்டையில் லேசாகக் கவிச்சி அடிக்கும். ஈசிஆர் என்கிற கிழக்குக் கடற்கரைச் சாலையின் பங்களாக்காரர்கள் கேட்டால், “மூலிகை மேயுற கோழிம்மா, அந்த வாசன” என்று கூசாமல் சொல்வார். குரல் பெரிது. மகளிர் குழுவில் அவர் பேச ஆரம்பித்தால் மற்றவர்கள் வாயை மூடிக்கொள்ள வேண்டியதுதான்.

அவருக்கு ஒரு விஷயத்தில் பிடிவாதம் இருந்தது. கோழிகளுக்குத் தடுப்பு மருந்து. கால்நடை மருந்தகத்துக்குப் பஸ்ஸில் போய், மருந்துக் குப்பியை மீனுக்கு வாங்கிய ஐஸில் புதைத்து டிபன் பாக்ஸில் எடுத்துவருவார். சாயங்காலம் கோழிகள் அடைந்த பிறகு ஒவ்வொன்றாகப் பிடித்துக் கண்ணில் ஒரு சொட்டு. தன் கோழிகளோடு விடவில்லை. குப்பத்தில் கோழி வளர்த்த இன்னும் பதினோரு வீடுகளையும் மிரட்டிப் போடவைத்தார். ஓரகத்தி வசந்தா, அதாவது அவருடைய கொழுந்தனாரின் மனைவி, ஒரே சுவரைப் பகிர்ந்துகொண்ட பக்கத்து வீட்டுக்காரி, “கோழிக்கி இன்னாத்துக்குடி கண்ணு மருந்து?” என்று கேட்டதற்கு, “ஊத்தலன்னா உன் கோழி என் வூட்டாண்ட வரக் கூடாது, வந்துச்சி குழம்புதான்” என்றாராம். குப்பத்தில் அவரைக் கோழி டாக்டர் என்று கேலி செய்தார்கள். அவருக்கு அந்தக் கேலி பிடித்திருந்தது.

3

2021 ஜனவரி 29, வெள்ளிக்கிழமை.

காலையில் நானும் எங்கள் நிலையத்து ஓட்டுநர் அருணகிரியும் திருக்கழுக்குன்றம் தாண்டி செல்வராஜ் என்பவருடைய பண்ணைக்குப் போனோம். ஆறாயிரம் கறிக்கோழிகள். முந்தின நாளிலிருந்து செத்துக்கொண்டிருந்தன. கொட்டகைக்குள் நுழைந்ததுமே தெரிந்துவிட்டது. சில கோழிகள் கழுத்து முறுக்கி, தலை முதுகைப் பார்த்தபடி நின்ற இடத்திலேயே சுற்றின. தரையில் போட்டிருந்த உமியெல்லாம் பச்சையும் வெள்ளையுமாகக் கழிச்சல்.

செல்வராஜ் வாசலிலேயே நின்றுவிட்டார். “ரெண்டு தபா மருந்து குட்த்துகீறேன் மேடம். தேதி தவறாம குட்த்துகீறேன். அப்பறம் இன்னா இது?”

அந்தக் கேள்விக்காகத்தான் எங்கள் திட்டமே. மருந்து போட்ட கோழிகள் ஏன் சாகின்றன? பழைய மருந்துக்கு அடங்காத வைரஸ் எங்கே ஒளிந்திருக்கிறது? நோய் முற்றிய சில கோழிகளின் தொண்டையிலும் பின்புறத்திலும் பஞ்சுக்குச்சியால் தொட்டெடுத்து, குப்பிகளில் போட்டு, ஐஸ் பெட்டியில் அடுக்கினேன். மேலங்கியையும் கையுறையையும் கழற்றி எரிக்கக் கொடுத்தேன். பூட்ஸின் மேல் மாட்டியிருந்த பிளாஸ்டிக் உறை உள்ளேயே கிழிந்துபோயிருந்தது. பண்ணை வாசலில் கால் நனைக்க மருந்துத் தண்ணீர் வைத்திருந்த தொட்டியில் பாதி சேறு. அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டு அதிலேயே காலை நனைத்துக்கொண்டு வண்டியில் ஏறினேன்.

[இங்கே ஒரு குறிப்பு. எங்கள் ஆய்வகச் சுவரில் ஒரு விதி ஒட்டியிருக்கும்: “ஒரு நாள், ஒரு பண்ணை. நோய்ப் பண்ணைக்குச் சென்றவர் மூன்று நாட்களுக்கு வேறு கோழிகளைத் தொடக் கூடாது.” அதை எழுதி ஒட்டியவள் நான்.]

மாத இறுதி அறிக்கைக்குப் பன்னிரண்டு மாதிரிகள் குறைந்தன. நோயில்லாத, முறையாக மருந்து போட்ட கோழிகளின் மாதிரிகள். சின்னப்பொண்ணின் கோழிகளில் எடுப்பதாக இருந்தோம். திங்கட்கிழமை போவதாகத் திட்டம். திங்கட்கிழமை பிப்ரவரி பிறந்துவிடும்.

இவ்வளவுதான் காரணம். இதைவிடப் பெரிதாக ஒன்றை யோசித்துப் பார்த்தேன். குழந்தைக்குக் காய்ச்சல், மேலதிகாரியின் மிரட்டல், இப்படி. ஒன்றும் இல்லை. பன்னிரண்டு கட்டங்கள் காலியாக இருந்தன.

“அருணகிரி, ஐஸ் மூணு மணி வரைக்கும் தாங்கும்ல?”

“தாங்கும் மேடம். நேரா லேப்தானே?”

“திருவிடந்தை போயிட்டுப் போயிடலாம்.”

அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். “அது திங்கக்கெழமன்னு இல்ல போட்டுகீது?”

“இன்னைக்கே முடிச்சிடலாம்.”

மாமல்லபுரம் வந்து ஈசிஆரில் வடக்கே திரும்பினோம். சவுக்குத் தோப்பைத் தாண்டிக் குப்பத்துக்குள் போனபோது மணி பன்னிரண்டரை. வழியிலேயே போனில் சொல்லியிருந்ததால் சின்னப்பொண்ணு கோழிகளை ஏற்கெனவே வலைக் கூண்டுக்குள் அடைத்து வைத்திருந்தார். நான் ஸ்டூலில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக மடியில் வாங்கினேன். இறக்கைக்கு அடியில் ஓடும் நரம்பில் இரத்தம் எடுத்து, அடையாளத்துக்குக் காலில் நீல பிளாஸ்டிக் வளையம் மாட்டினேன். ஒன்று முதல் பன்னிரண்டு வரை.

“இன்னாம்மா, என் கோழிக்கிக் கொலுசு போடறியா?” என்று சிரித்தார் சின்னப்பொண்ணு. டீ கொடுத்தார். நான் பூட்ஸ் காலோடு அவருடைய முற்றம் முழுக்க நடந்தேன்.

4

முதல் முழு வரைவில் அந்தப் பூட்ஸ் என் காலில் இல்லை.

இதைச் சொல்லவேண்டியிருக்கிறது. கதை என்று ஆனபிறகு யாரை வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம் அல்லவா? ஓட்டுநரை வைத்தேன். மேடம் சொல்லியும் கால் கழுவாமல், கொட்டகைக்குள் வேடிக்கை பார்க்கப் போன காலோடு குப்பத்துக்குள் நுழைகிற ஓர் ஓட்டுநர். மேடம் அதைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறாள். அவளுக்கும் கொஞ்சம் குற்றம் இருக்கிறது, அளவாக. மனசாட்சியுள்ள ஒரு பெண்ணாக அவள் நன்றாகவே வந்திருந்தாள்.

அந்த வரைவை அருணகிரியிடமே கொடுத்தேன். குப்பத்துப் பேச்சு சரியாக இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லத்தான் கொடுத்தேன் என்று இப்போதும் சத்தியம் செய்வேன். அவர் வண்டிக்குள் உட்கார்ந்து மதியச் சாப்பாட்டு நேரம் முழுக்க எழுத்துக்கூட்டிப் படித்தார். தாள்களை மடிக்காமல் திருப்பிக் கொடுத்தார்.

“பேச்செல்லாம் கரெக்டா கீது மேடம்.”

“வேற?”

கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கைத் துடைத்தார். “நான் அன்னிக்கி வண்டிய வுட்டு எறங்கவே இல்லியே மேடம். ரெண்டு எடத்துலயும்.”

கோபமாகச் சொல்லவில்லை. ஏதோ கணக்கில் பிசகு இருப்பதைச் சுட்டிக்காட்டுவது மாதிரி சொன்னார். அதற்குப் பிறகு நான் என்ன சொன்னாலும் “பரவால்ல மேடம், கததானே” என்றார். அந்த வரைவைக் கிழித்துவிட்டேன். கிழித்ததை அவரிடம் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

5

ஆறாவது நாள் சின்னப்பொண்ணு போன் செய்தார். எட்டாவது நாள் நான் போனேன். இம்முறை தலை முதல் கால் வரை வெள்ளைப் பாதுகாப்பு உடை, இரட்டை உறை, முகக்கவசம், கண்ணாடி.

செத்த கோழிகளை அவர் சவுக்கு மரத்தடியில் தென்னங்கீற்றின்மேல் வரிசையாகக் கிடத்தியிருந்தார். செத்த நாள்படி பிரித்து வைத்திருந்தார். யாரும் சொல்லித்தரவில்லை. எனக்கு உதவும் என்று அவராக யோசித்துச் செய்தது.

முதல் நாள் செத்தவை பதினான்கு. அவற்றில் பன்னிரண்டின் காலில் நீல வளையம்.

குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கடல் சத்தம் கேட்டதா, யாராவது பேசினார்களா, ஞாபகமில்லை. நான் மடியில் வைத்திருந்த கோழிகள்தான் முதலில் விழுந்திருக்கின்றன. அந்த நிமிடமே எனக்குத் தெரிந்துவிட்டது. அதற்குப்பின் ஆய்வகத்தில் நான் செய்ததெல்லாம் தெரிந்ததை மறுபடியும் தெரிந்துகொண்டதுதான்.

“இன்னாம்மா, நெலாவுக்குப் போறவன் மாரி வந்துகீற?” என்றார் சின்னப்பொண்ணு. அவருடைய கண்கள் வீங்கியிருந்தன. “மொத தபா வந்தப்ப இதெல்லாம் போட்டுகினு வர்லியே?”

“அப்ப நோய் இல்லையேக்கா.”

இது என்னுடைய முதல் பொய். யோசிக்காமல் வந்தது.

வேலிக்கு அந்தப் பக்கம் வசந்தாவும் இன்னும் நாலைந்து பெண்களும் நின்றிருந்தார்கள். அவர்களுடைய கோழிகளும் விழ ஆரம்பித்திருந்தன. “டாக்டரம்மா, இவ ஊத்துன மருந்துதானே கொன்னுச்சி? நீயே கேளு” என்றாள் வசந்தா. அவளுடைய மகளுக்கு அது ஒன்பதாவது மாதம். பிரசவத்துக்குப் பிறகு ரசம் வைத்துக் கொடுப்பதற்கென்று எட்டு கோழிகளை வளர்த்துக்கொண்டிருந்தாள்.

சின்னப்பொண்ணு வேலிக்கு முதுகைத் திருப்பிக்கொண்டார். என் பக்கத்தில் வந்து, மற்றவர்களுக்குக் கேட்காதபடி மெல்லப் பேசினார். அவர் மெல்லப் பேசி நான் அதற்குமுன் கேட்டதே இல்லை.

“யம்மா. போன மாசம் மருந்து வாங்கியாரப்ப பஸ்ஸு லேட்டு. ஐஸு பாதி கரைஞ்சி போச்சு. குப்பி சில்லுனுதான் இருந்துச்சி, ஆனாக்க மின்ன மாரி இல்ல. அதான் கெட்டுப்போச்சா? அதனாலதான் அல்லாம் செத்துச்சா?”

கேட்டுவிட்டு என் கண்ணாடிக்குள் பார்த்தார்.

நான் “இருக்கலாம்” என்றேன்.

6

“இருக்கலாம்” என்பது எங்கள் தொழிலில் மரியாதைக்குரிய சொல். உறுதியாகத் தெரியாததை உறுதியாகச் சொல்லாத நேர்மை அதில் இருக்கிறது என்று மாணவர்களுக்குச் சொல்லித்தருகிறோம். ஆய்வுக் கட்டுரையில் ஒரு பக்கத்துக்கு நாலு முறை வரும். அன்று அந்தச் சொல்லை நான் அவருடைய கையில் கொடுத்தேன். அவர் அதை “ஆமாம்” என்று எடுத்துக்கொண்டார். அப்படித்தான் எடுத்துக்கொள்வார் என்று எனக்குத் தெரியும்.

அன்று செத்த கோழிகளிலிருந்து எடுத்துவந்த மாதிரிகளைக் கரு வளரும் கோழி முட்டைகளில் செலுத்தினோம். இரண்டே நாளில் கருக்கள் செத்தன. வைரஸ் நன்றாக வளர்ந்தது. மருந்து போட்டுப் போட்டு எதிர்ப்பு சக்தி நிறைந்திருந்த கோழிகளையே கொன்ற வைரஸ் அது. குப்பியைத் தூக்கிப் பார்த்து, “இதத்தான் மூணு வருஷமா தேடிட்டிருந்தோம்” என்றார் சிவப்பிரகாசம். செல்வராஜின் பண்ணையில் எடுத்தவை பாதி கெட்டுப்போயிருந்தன. குப்பத்துக் கோழிகளுடையவைதான் சுத்தமாக வளர்ந்தன. புது மருந்துக்கு அதுவே விதையாயிற்று.

ஏப்ரலில் மரபணுப் பரிசோதனை முடிவுகள் வந்தன. பதினையாயிரம் எழுத்துகள் கொண்ட இரண்டு வாக்கியங்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று செல்வராஜின் பண்ணை, ஒன்று குப்பம். இரண்டுக்கும் ஓர் எழுத்துகூட வித்தியாசம் இல்லை.

“முப்பது கிலோமீட்டருக்கு மேல இருக்கே. எப்படிப் போயிருக்கும்?” என்றார் சிவப்பிரகாசம்.

“காக்கா, கோழி வண்டி... வேடந்தாங்கல் சீசன் வேற சார்” என்றேன்.

அவர் என்னை உடனே நம்பினார். நம்பாமலிருக்க அவருக்குக் காரணமில்லை. திட்டத்தின்படி நான் குப்பத்துக்குப் போனது திங்கட்கிழமை. கோழிகள் செத்த பிறகு பதிவேட்டிலும் அந்தத் தேதியாக மாற்றியிருந்தேன்; மாத அறிக்கையின் எண்ணிக்கையோடு அதை யாரும் ஒத்துப்பார்க்கவில்லை. எங்கள் ஆய்வுக் கட்டுரையில் அந்த வரி இப்படி அச்சானது: “இடம்பெயரும் பறவைகள் வழியாகப் பரவியிருக்கலாம்.”

7

குப்பத்தில் முந்நூறுக்கும் மேற்பட்ட கோழிகள் செத்தன. பன்னிரண்டு வீடுகளில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. சுண்ணாம்பு போட்டு மணலில் புதைத்தார்கள்.

பிறகு நடந்ததை நான் துண்டு துண்டாகத்தான் கேட்டேன். பாதி அருணகிரி சொன்னது. வசந்தா பேச்சை நிறுத்திவிட்டாள். அவளுடைய மகள் பிரசவத்துக்கு வந்தபோது சின்னப்பொண்ணு மீன் எடுத்துக்கொண்டு போனார், வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். சின்னப்பொண்ணு கணவரிடம் புலம்பியது பொதுச் சுவரைத் தாண்டியிருக்க வேண்டும். மகளிர் குழுவில் யாரோ, “டாக்டரம்மாவே சொல்லிச்சி, ஐஸு கரைஞ்ச மருந்தாம்” என்றார்கள். சின்னப்பொண்ணு மறுக்கவில்லை. அதோடு குழுவுக்குப் போவதை விட்டுவிட்டார். கோழி வளர்ப்பதையும் விட்டுவிட்டார். ஈசிஆரில் ஒரு ரிசார்ட்டில் படுக்கை விரிப்புகள் துவைக்கும் வேலைக்குப் போனார்.

மறுவருடம் சில வீடுகளில் மறுபடி கோழி வாங்கினார்கள். ஒருவரும் மருந்து போடவில்லை. அவையும் செத்தன. அதற்கு மறுவருடமும்.

(“காலம் எல்லாக் காயங்களையும்—” என்று ஒரு வாக்கியத்தை இங்கே ஆரம்பித்தேன். வெட்கமாக இருக்கிறது.)

8

சின்னப்பொண்ணிடம் போய்ச் சொல்வது என்று முடிவெடுத்த பிறகும் மூன்று வாரங்கள் போகாமலிருந்தேன். அதற்குப் பதிலாக அந்தச் சந்திப்பை எழுதிக்கொண்டிருந்தேன்.

ஒன்றில் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, “நீ இன்னாம்மா பண்ணுவ, தெரியாம நடந்துச்சி” என்கிறார். நான் அழுகிறேன். அவரும் அழுகிறார். படித்துப் பார்த்தால் எனக்கே கண் கலங்கியது. ஆகையால் அது பொய்.

இன்னொன்றில் ஓங்கி அறைகிறார். இதுவும் எனக்கு வசதியான முடிவுதான். வாங்கிக்கொண்டு வந்துவிடலாம்.

மூன்றாவதில் அவருக்கு எல்லாம் மறந்துபோயிருக்கிறது. “எந்தக் கோழி?” என்கிறார். இதை எழுதியபோது என் மனம் கொஞ்சம் லேசாயிற்று. அந்த லேசைப் பார்த்துத்தான் பயந்துபோய் பஸ் ஏறினேன்.

9

ரிசார்ட்டின் பின்வாசலில் மத்தியானம் மூன்று மணிக்கு ஷிப்ட் விடும். நீல சேலைக்கு மேல் சட்டை போட்ட பெண்கள் வந்தார்கள். அவர்களில் ஒருவராக சின்னப்பொண்ணு வந்தார். சோப்புத் தண்ணீரில் ஊறி விரல்கள் வெளுத்திருந்தன. என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டார்.

“டாக்டரம்மா! இன்னா இவ்ளோ தூரம்?”

பஸ் நிறுத்தத்துச் சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்து சொன்னேன். காலையில் போன பண்ணை, சேற்றுத் தொட்டி, பூட்ஸ், பன்னிரண்டு கட்டங்கள், நீல வளையம். அவருடைய மருந்தில் பழுதில்லை, பாதி உருகிய ஐஸிலும் அது கெட்டிருக்காது, அந்த வைரஸுக்கு அந்த மருந்து போதவில்லை, அவ்வளவுதான். அன்றைக்கே எனக்குத் தெரியும் என்பதையும் சொன்னேன். அதைக் கடைசியில்தான் சொன்னேன்.

இரண்டு பஸ்கள் நின்று போயின. அவர் ஏறவில்லை.

“நான் கேட்டேன்ல?” என்றார். “அன்னிக்கே கேட்டேன்ல உன்ன? மொத தபா இதெல்லாம் போட்டுகினு வர்லியேன்னு.”

“கேட்டீங்க.”

“நாலர வருசம். பஸ்ஸுல ஏறனாலே அந்த டிபன் பாக்ஸுதான் ஞாபகம் வரும். அன்னிக்கி ஆட்டோல வந்துருக்கலாமே, ஆட்டோல வந்துருக்கலாமேன்னு. பைத்தியக்காரி மாரி.” அவர் அழவில்லை. வெளுத்த விரல்களைச் சேலையில் துடைத்துத் துடைத்து எடுத்தார். “எங்கூட்டுக்காரு சொன்னாரு, வுடுடி, கோழிதானேன்னு. கோழியா அது?”

“மன்னிச்சிடுங்கக்கா.”

“அது கெடக்கட்டும்.” மன்னிப்பை ஓரமாக எடுத்து வைப்பதைப் போலக் கையை அசைத்தார். “என்னாண்ட இன்னாத்துக்குச் சொல்ற? நான் கேட்டு இன்னா பண்றது? வசந்தாவாண்ட சொல்லு. அல்லாராண்டயும் சொல்லு. ஞாயித்துக்கெழம பொம்பளைங்கள ஏலக்கூடத்துல கூட்றேன். நீ வா. உன் வாயால சொல்லு.”

“வரேன்.”

“எழுதிக் கிழுதிக் குடுத்தனுப்பாத. நேர்ல வா.”

நான் எழுதிக்கொண்டிருப்பது அவருக்கு எப்படித் தெரிந்தது? தெரிந்திருக்க வழியில்லை. ஆனாலும் அந்த இடத்தில் எனக்கு முகம் எரிந்தது.

10

போவதற்கு முன் சிவப்பிரகாசத்திடம் சொல்லவேண்டியிருந்தது. அவரைக் கெட்டவராக எழுதினால் இந்தப் பகுதி சூடு பிடிக்கும். அவர் கெட்டவர் இல்லை. முழுவதையும் கேட்டார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

“பதிவேட்டுல தேதி?”

“மாத்திப் போட்டேன் சார்.”

கழற்றிய கண்ணாடியைத் துடைத்தார். பிறகு, “நீங்க போய்ச் சொல்றீங்க. நாளைக்கு ஒருத்தன் வீடியோ போடறான். ‘ஆராய்ச்சிக்காரங்களே நோயப் பரப்பி, அவங்களே மருந்தும் கண்டுபிடிச்சாங்க’ன்னு. எத்தன ஊர்ல மருந்த வேணாம்னு சொல்லுவாங்க? எவ்வளவு கோழி சாகும்? யோசிச்சீங்களா?” என்றார்.

யோசித்திருந்தேன். அவர் சொன்னது நடக்கக்கூடியதுதான்.

“அந்த ஊர்ல ஏற்கெனவே வேணாம்னு சொல்லிட்டாங்க சார். நாலு வருஷமா சொல்லிட்டிருக்காங்க. என்னாலதான்.”

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். “எழுத்துல குடுங்க. மேல அனுப்பறேன்.” நான் கதவருகே போனபோது, “அன்னைக்கே எங்கிட்ட சொல்லியிருந்தா நானும் மறைச்சிருப்பேனோ என்னவோ. அதுதான் பயமா இருக்கு” என்றார்.

எழுத்தில் கொடுத்தேன். ஆய்வுக் கட்டுரை வெளியான இதழுக்கும் திருத்தம் அனுப்பினேன். விசாரணை நடந்துகொண்டிருக்கிறது. அதன் முடிவு இந்தக் கதையின் முடிவு அல்ல.

11

ஞாயிற்றுக்கிழமை நாலு மணி. மீன் ஏலக்கூடத்துத் தரையைக் கழுவி விட்டிருந்தார்கள். ஈரத்தில் பாயும் தார்ப்பாயும் விரித்துப் பதினேழு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். வசந்தா தூணோரம், மடியில் மகளின் இரண்டாவது குழந்தை. சின்னப்பொண்ணு யாரோடும் சேராமல் கடைசியில் நின்றார்.

“சொல்லும்மா” என்றார்.

சொன்னேன். என்ன வரிசையில் சொன்னேன், எங்கே திணறினேன் என்பதையெல்லாம் எழுதப் போவதில்லை. எழுதினால் தைரியசாலியாகத் தெரிவேன். நாலரை வருடம் கழித்துச் சொல்கிறவளுக்கு அந்தப் பெயர் வேண்டாம்.

பிறகு எல்லோரும் பேசினார்கள்.

“எங்க கோழிங்கள எட்த்துகினு போய்தான் மருந்து பண்ணீங்களா?”

“ஆமா.”

“எங்களாண்ட ஒரு வார்த்த கேட்டீங்களா?”

“இல்ல.”

“அப்ப அவ ஊத்துன மருந்து நல்ல மருந்துதானா?” இது வசந்தா. உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்டாள்.

“நல்ல மருந்துதான். அவங்க சரியாத்தான் போட்டாங்க. மருந்துமேலயும் தப்பில்ல, அவங்கமேலயும் தப்பில்ல. தப்பு என்னோடது.”

“கெட்டுப்போன மருந்துன்னு நீதானே சொன்ன?”

“நான்தான் சொன்னேன். பொய் சொன்னேன்.”

ஒருத்தி சத்தமாகத் திட்டினாள். இன்னொருத்தி, “படிச்ச பொம்பள பண்ற வேலையா இது?” என்றாள். நான் தலையாட்டிக்கொண்டே இருந்தேன். அப்போதுதான் கவனித்தேன். சின்னப்பொண்ணு என்னைப் பார்க்கவே இல்லை. நான் பேச ஆரம்பித்ததிலிருந்து ஒரு தரம்கூடப் பார்க்கவில்லை. அவருடைய கண்கள் தூணோரம் இருந்தன.

வசந்தா குழந்தையைப் பக்கத்தில் இருந்தவளிடம் கொடுத்தாள். தரையில் கையூன்றி எழுந்தாள். ஈரத் தரையில் வழுக்காமலிருக்கக் கால் விரல்களை அழுத்தி வைத்து, பாய்களுக்கு நடுவே நடந்து சின்னப்பொண்ணின் முன்னால் போய் நின்றாள். இருவருக்கும் நடுவே ஒரு கை தூரம். வசந்தாவின் உதடு அசைந்தது. பேசப் போகிறாள் என்று நினைத்தேன். கேட்பதற்காக என்னையறியாமல் ஓர் அடி முன்னால் வைத்தேன்.

சின்னப்பொண்ணு அப்போதுதான் என் பக்கம் திரும்பினார்.

“நீ கெளம்பும்மா. இனிமே நாங்க பேசிக்கறோம்.”

பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். மணலில் இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்திருப்பேன், பின்னால் ஒரு குரல் உயர்ந்தது. வசந்தாவுடையதா சின்னப்பொண்ணுடையதா என்று தெரியவில்லை. சண்டையா அழுகையா என்பதும் அந்தக் காற்றில் பிரிந்து கேட்கவில்லை. நான் நிற்கவில்லை.

கதை எழுதுகிறவள் திரும்பிப் போகலாம். ஏலக்கூடத்துக்குச் சுவர்கூடக் கிடையாது, நாலு தூண்களும் ஒரு கூரையும்தான். ஒரு தூணுக்குப் பின்னால் ஒதுங்கி நின்று, அவர்கள் பேசியதை வார்த்தை வார்த்தையாக எடுத்துவந்து உங்களிடம் கொடுத்திருக்கலாம். நான்கு தடவை எழுதிப் பார்த்தேன், நான்கையும் கிழித்தேன். அந்தக் குப்பத்திலிருந்து கேட்காமல் ஒருமுறை எடுத்துவந்தது போதும்.

என்னை அவர்கள் போகச் சொன்னார்கள். நீங்கள் நிற்பதானால் நில்லுங்கள். உங்களை யாரும் போகச் சொல்லவில்லை.